காது கேட்குது... அடம் ஏன் போகலை?

“மேடம், ஆபரேஷன் பண்ணினா எல்லாம் சரியாயிடும்னுதான் நினைச்சோம். இப்ப காது கேக்குது. ஆனா பிள்ளை முன்னைவிட மோசமாயிட்டான்!”

சொல்லும்போதே அந்த அம்மாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. புடவைத் தலைப்பை ஒதுக்கி முழங்கையைக் காட்டினார். பல் பதிந்த தடம், இரண்டு இடத்தில். கடித்த ‘ஆசாமி’ என் அறையின் மூலையில் உட்கார்ந்து பொம்மைக் காரின் சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். நான்கு வயது இரண்டு மாதம். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. மூன்றே கால் வயதில் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தி, கருவியை ஸ்விட்ச் ஆன் செய்து பத்து மாதம் ஆகியிருந்தது.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் நாதஸ்வரம் தொடங்கியதும் தலையில் இருந்த காயிலைப் பிய்த்து எறிந்துவிட்டுத் தரையில் விழுந்து புரண்டிருக்கிறான். தூக்க வந்த மாமாவுக்கு உதை. ப்ளே ஸ்கூலிலும் மற்ற பிள்ளைகளைத் தள்ளுகிறான், அடுத்த மாதம் முதல் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

கூட வந்த பாட்டி, “பேச்சு வந்தா தானா அடங்கிடுவான். குழந்தையைப் போய் டாக்டர் டாக்டரா அலைக்கழிக்கிறாங்க” என்று முணுமுணுத்தார். அதுவரை வாயே திறக்காமல் இருந்த அப்பா கடைசியில் கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

“ஒரு மாசம் அந்த மெஷினைக் கழட்டி வெச்சுப் பார்க்கலாமா மேடம்? அது இல்லாதப்போ இவ்வளவு அடம் இல்லையே!”

இந்தக் கேள்வியை வெவ்வேறு வார்த்தைகளில் நிறையப் பெற்றோர் கேட்கிறார்கள். கேட்காதவர்களும் மனசுக்குள் நினைக்கிறார்கள். சிலர் யாரையும் கேட்காமல் கழற்றியே வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

நான்கு வயதுக் கால், பத்து மாதக் காது

காக்ளியர் இம்ப்ளான்ட் என்பது சத்தத்தைப் பெரிதாக்கும் சாதாரணக் காது மிஷின் அல்ல. காதுக்கு வெளியே இருக்கும் பிராசஸர் ஒலியை வாங்கி, மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் காயில் அதைத் தோலுக்கு அடியில் இருக்கும் பாகத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து நத்தை ஓடு போலச் சுருண்ட உள்காதுக்குள் செருகிய மெல்லிய கம்பி, செவி நரம்பைத் தூண்டுகிறது. நல்ல காதில் இந்த வேலைக்கு சுமார் 3,500 உள் மயிர்ச் செல்கள் இருக்கின்றன. இம்ப்ளான்ட்டில் 12 முதல் 22 மின்முனைகள்தான்! அதை வைத்துக்கொண்டு மூளை பேச்சைப் புரிந்துகொள்கிறதே, அதுதான் அதிசயம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டாக்டர் கிரேம் கிளார்க் 1978ல் பல மின்முனை இம்ப்ளான்ட்டை முதலில் ஒரு பெரியவருக்குப் பொருத்தினார். குழந்தைகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1990ல். அப்போது இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும். 2020ல் அது ஒன்பது மாதம் வரை இறங்கிவிட்டது. நம் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷனை இலவசமாகவே செய்கிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து மூன்று நான்கு வாரம் கழித்து ஸ்விட்ச் ஆன். குழந்தை திடுக்கிட்டுத் திரும்பும், அம்மா அழுவார், செல்போனில் படம் எடுப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்துவிட்டு, ‘அப்பாடா, இனி நம்ம பிள்ளை மற்ற பிள்ளைகள் மாதிரி’ என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். வினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏன் என்றால், அன்றைக்குத்தான் அவன் காது பிறந்திருக்கிறது. இந்தப் பையனுக்குக் காலும் கையும் நான்கு வயதுக்காரனுடையவை. ஓடுவான், ஏறுவான், பிடுங்குவான். விருப்பு வெறுப்பும் நான்கு வயதுக்கு உரியதே. ஆனால் கேட்கிற வயது பத்து மாதம்! பத்து மாதக் குழந்தையிடம் “கொஞ்சம் பொறு கண்ணா, அப்பா வந்ததும் கடைக்குப் போகலாம்” என்று சொல்லி யாராவது சமாதானம் செய்வோமா? ‘பொறு’, ‘அப்பா வந்ததும்’, ‘நாளைக்கு’, ‘ஏன்னா’ ஆகிய வார்த்தைகள் எல்லாம் கண்ணால் காட்ட முடியாதவை. பந்தைக் காட்டலாம், ‘அப்புறம்’ என்பதை எப்படிக் காட்டுவது?

காது கேட்கும் பிள்ளை, தன்னிடம் சொல்லாததையும் கேட்டுக்கொண்டே வளர்கிறது. சமையலறையில் அம்மா அத்தையிடம் பேசுவது, அப்பா ஆபீஸ் கோபத்தைக் கொட்டுவது, பக்கத்து வீட்டுப் பெண் அழுதது, அவளை யார் சமாதானம் செய்தார்கள் என்பது எல்லாமே காதில் விழுகிறது. கோபம் வந்தால் என்ன சொல்ல வேண்டும், தப்பு செய்தால் எப்படி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து பாடம் நடத்துவதில்லை. காதில் விழுந்து விழுந்து தானாக வருவது அது. கேட்காத பிள்ளைக்கு மூன்று வருஷம் அது விழவே இல்லை.

ஒரு சின்ன உதாரணம். இந்த வீட்டில் பையன் செல்போனுக்கு அழுதால் பாட்டி அதை முந்தானைக்குள் ஒளித்துவிட்டு, “காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு!” என்பாராம். நம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். காது கேட்கும் குழந்தை ஜன்னலைப் பார்க்கும், ‘காக்கா கெட்டது’ என்று திட்டும், அதோடு மறந்துவிடும். இவனுக்கோ, கையில் இருந்த பொருள் காரணமே இல்லாமல் மறைந்து போகிறது. பாட்டியின் வாய் மட்டும் அசைகிறது. நமக்கே இப்படி தினமும் நாலு முறை நடந்தால் யாரையாவது கடிக்கத்தான் தோன்றும்!

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

‘காது கேட்காத பிள்ளைன்னா பிடிவாதம் இருக்கத்தான் செய்யும், அது பிறவிக் குணம்’ என்று படித்தவர்களே சொல்கிறார்கள். சுத்தத் தப்பு. அமெரிக்காவில் காக்ளியர் இம்ப்ளான்ட் குழந்தைகளை வருடக் கணக்கில் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதன் ஒரு பகுதியாக டேவிட் பார்க்கர், அலெக்சாண்ட்ரா க்விட்னர் முதலானவர்கள் 2009ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒன்றரை முதல் ஐந்து வயது வரையுள்ள, காது கேட்காத 116 குழந்தைகளையும், கேட்கும் 69 குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காது கேட்காத பிள்ளைகளிடம் நடத்தைக் கோளாறும் கவனக் குறைவும் கூடுதலாகத்தான் இருந்தன. ஆனால் காரணம் என்ன தெரியுமா? மொழி! மொழி குறைந்த இடத்தில் கவனம் நிற்கவில்லை, பெற்றோரும் பிள்ளையும் ஒருவரோடு ஒருவர் தகவல் பரிமாறிக்கொள்ளும் நேரமும் குறைந்து போயிருந்தது. அங்கிருந்துதான் அடமும் அடிதடியும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். காது கேட்காத அம்மா அப்பாவுக்குப் பிறந்து, முதல் நாளிலிருந்தே சைகை மொழியில் வளரும் பிள்ளைகள் உண்டு. அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் திறனில் அவர்கள் மற்ற பிள்ளைகளுக்குப் பின்தங்குவதில்லை. ஆக, சிக்கல் காதில் இல்லை. பிள்ளைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பொது பாஷை இல்லாததில் இருக்கிறது. காது கேட்காத பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கின்றன. நமக்கு அந்த பாஷை தெரியாது. பிள்ளைக்கு நம் பாஷை தெரியாது.

இப்போது அந்த அப்பாவின் கேள்விக்கு வருவோம். மெஷினைக் கழற்றினால் அடம் குறைகிறதே? குறையும். வெளி உலகம் மறுபடி அமைதியாகிவிடும், அவனிடம் யாரும் எதையும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் மூளையின் ஒலிப் பகுதி பழகும் காலம் இந்தச் சின்ன வயதுதான். விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி தலையில் இருந்தால்தான் பேச்சு வளரும். ஒரு மாதம் கழற்றி வைப்பது ஒரு மாத நஷ்டத்தோடு போகாது, மறுபடி மாட்டப் பழக்குவதே பெரும்பாடு. அப்புறம் எந்த மொழி வந்து அடத்தை அடக்கப் போகிறது?

முதலில் மெஷினைச் சந்தேகப்படுங்கள்

பிள்ளையைத் திட்டும் முன் கருவியைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. “பேட்டரி தீர்ந்து போனதைச் சொல்லத் தெரியாம அரை நாளா அழுதிருக்கான் மேடம்” என்று தலையில் அடித்துக்கொண்ட அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன்.

தினமும் காலையில் ஒரு நிமிட சோதனை போதும். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் ஆகிய ஆறு ஒலிகள். பேச்சின் அடித்தொனி முதல் உச்சத் தொனி வரை இதில் அடங்கிவிடும். டேனியல் லிங் என்ற ஆசிரியர் வகுத்த முறை. உங்கள் வாய் தெரியாதபடி மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்டதும் குழந்தை ஒரு கட்டையை டப்பாவில் போட வேண்டும். நேற்று வரை ‘ஸ்’ கேட்டவனுக்கு இன்று கேட்கவில்லை என்றால் ஆடியாலஜிஸ்டிடம் போக வேண்டும். கன்னத்தில் ஒன்று வைப்பதால் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது மேப்பிங். ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் என்று கணினியில் வகுப்பது. அளவு கூடிப் போனால் சாதாரண சத்தமே காதில் அடித்த மாதிரி இருக்கும். நம் கதாநாயகனிடமும் இதுதான். என் அறைக் கதவு படீரென்று சாத்தியபோது, இம்ப்ளான்ட் இருந்த பக்கத்துக் கண் இமை ‘வெடுக்’கென்று துடித்ததை கவனித்தேன். “குக்கர் விசில் அடிச்சாலும் இப்படித்தானா?” என்று கேட்டேன். “ஆமாம் மேடம், உடனே காயிலைப் பிடுங்கிப் போட்டுடுவான்” என்றார் அம்மா. சில பிள்ளைகளுக்கு மின்சாரம் பக்கத்தில் ஓடும் முக நரம்புக்கும் பரவும். வலிக்கக்கூடச் செய்யலாம். இவன் அதை எந்த வார்த்தையில் சொல்வான்? ஆடியாலஜிஸ்ட் இரண்டு மின்முனைகளைச் சரிசெய்ததும், காயிலைப் பிய்த்து எறிவது அந்த வாரமே பாதியாகக் குறைந்தது. கல்யாண வீட்டு ரகளையில் பாதிப் பழி அந்த இரண்டு மின்முனைகளைச் சேரும்!

களைப்பும் உண்டு. நாள் முழுக்க உற்றுக் கேட்பது நமக்குத் தெரியாத உழைப்பு. மாலை ஆறு மணிக்கு டிவி, மிக்ஸி, விருந்தாளி எல்லாம் சேர்ந்தால் பெரியவர்களுக்கே எரிச்சல் வருமே! அந்த நேரத்தில் பத்து நிமிடம் ஓர் அமைதியான அறையில் விட்டாலே பல பிள்ளைகள் சமனப்பட்டுவிடுகிறார்கள்.

குட்டு வேண்டவே வேண்டாம்

நம் ஊரில் ஒரு வழக்கம், மண்டையில் நங்கென்று ஒரு குட்டு வைப்பது. இம்ப்ளான்ட் பிள்ளைக்கு இது விளையாட்டில்லை. காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் கருவி இருக்கிறது. பலமான அடி பட்டால் கருவி பழுதாகலாம், மேல் தோல் புண்ணாகலாம், திரும்ப ஆபரேஷன் வரைக்கும் போகலாம். காதைத் திருகுவதும் பளாரென்று அறைவதும் அதேதான். ஸ்கூல் டீச்சருக்கும், சேர்ந்து விளையாடும் அண்ணன் தம்பிக்கும் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். பிள்ளையே கோபத்தில் தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிற ரகமாக இருந்து, அந்தப் பக்கம் வீங்கினாலோ, திடீரென்று கேட்காமல் போனாலோ அன்றைக்கே சர்ஜனைப் பாருங்கள்.

இன்னொரு தண்டனை இதைவிட மோசம். ‘சொன்ன பேச்சு கேக்கலைன்னா மெஷினைக் கழட்டிடுவேன்’ என்று மிரட்டுவது, நிஜமாகவே கழற்றிவிடுவது. காதைப் பிடுங்கி வைத்துக்கொள்வதற்குச் சமம் அது. அதேபோல், பேசிப் பேசி அலுத்துப்போய், வீடு அமைதியாக இருக்கட்டும் என்று காயிலை எடுத்து மேஜையில் வைப்பவர்களும் உண்டு. வேண்டாமே!

அதற்காக எதையும் கண்டிக்கக் கூடாது என்று அர்த்தமில்லை. உண்மையில் நான் அதிகம் பார்ப்பது எதிர்ப்பக்கத் தவறைத்தான். ‘ஐயோ பாவம், வாய் பேச முடியாத பிள்ளை’ என்று கேட்டதை எல்லாம் கையில் கொடுப்பது. இந்த வீட்டில் அக்கா வைத்திருந்த பொம்மை, படிப்பு நோட்டு எதுவானாலும் அவன் கை நீட்டினால் கொடுத்தாக வேண்டும். அந்த ஏழு வயதுப் பெண் என்னிடம் தனியாகச் சொன்னாள்: “எனக்கும் காது கேக்காம இருந்தா நல்லா இருந்திருக்கும் ஆன்ட்டி.” அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு என்ன சட்டமோ அதுவேதான் தம்பிக்கும். கடிக்கக் கூடாது என்றால் பாட்டியும் அம்மாவும் அப்பாவும் ஒரே மாதிரி ‘கூடாது’ என்று முகத்தில் காட்ட வேண்டும். பிள்ளை கடித்ததும் பாட்டி சிரித்துவிட்டால் அம்மாவின் கண்டிப்பு அங்கேயே போச்சு. இந்தப் பிள்ளைகள் முகத்தைப் படிப்பதில் சூரர்கள்!

வார்த்தையைக் கையில் கொடுங்கள்

அடம் பிடிக்கும் நேரத்தில் உபதேசம் உதவாது. குனிந்து அவன் கண் மட்டத்துக்கு வாருங்கள். அவன் மனதில் இருப்பதை நீங்கள் சொல்லுங்கள். “கோபம்! உனக்குக் கோபம். அக்கா பந்தை எடுத்துட்டா. கோபம்!” முகத்திலும் அந்தக் கோபம் தெரியட்டும். நிறையப் பிள்ளைகளுக்கு மாடு, கார், ஆப்பிள் என்று நூறு வார்த்தை தெரியும். கோபம், பயம், வலி, போதும், வேண்டாம் ஆகிய ஐந்தும் தெரியாது. படப் புத்தகத்தைவிட இவைதான் அவசரத் தேவை.

வார்த்தை வரும் வரை கை அசைத்து ‘வேண்டாம்’ காட்டச் சொல்லித் தரலாமா? சைகை காட்டினால் பேச்சு வராது என்று சில பயிற்சியாளர்கள் கறாராக மறுப்பார்கள். என் கட்சி வேறு. கடிப்பதைவிடக் கை அசைப்பது எவ்வளவோ மேல். கையோடு வாயும் ‘வேண்டாம்’ என்று சொல்லட்டும், அவ்வளவுதான்.

எதிர்பாராத மாற்றம்தான் பாதிச் சண்டைக்குக் காரணம். வெளியே கிளம்பும் முன், போகப் போகிற இடத்தின் போட்டோவைக் காட்டுங்கள். ஊசி போடும் இடம் என்றால் அதையும் மறைக்காதீர்கள். பார்க் என்று ஏமாற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் அடுத்த முறை பார்க்குக்கே வர மாட்டான். தினசரி காலண்டரில் தாத்தா வரும் நாளில் தாத்தா படத்தை ஒட்டி, தினமும் ஒரு தாளைக் கிழிக்கச் சொன்னால் ‘நாளைக்கு’, ‘நாளான்னிக்கு’ எல்லாம் கண்ணுக்குத் தெரியும். காக்காய்க் கதை சொல்ல வேண்டுமா, தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் போனை ஒளிப்பதைக் காட்டாமல், காக்காயைக் காட்டி, இரண்டு கையால் சிறகடித்து, நாடகமாகச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், பாஷை. ஸ்கூலில் இங்கிலீஷ் என்பதற்காக வீட்டில் ‘கம், சிட், ஈட்’ என்று துண்டு துண்டாகப் பேசும் பெற்றோர் பெருகிவிட்டார்கள். எந்த மொழியில் உங்களால் கொஞ்சவும் சண்டை போடவும் முடியுமோ, அந்த மொழியில் பேசுங்கள். மேலே சொன்ன அமெரிக்க ஆய்விலேயே, 2013ல் வந்த முடிவு இது: அம்மா பிள்ளையின் போக்கை அறிந்து, இதமாக, அதன் விருப்பத்தைப் பின்தொடர்ந்து விளையாடிய வீடுகளில் பேச்சு வேகமாக வளர்ந்தது.

இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூங்கப் போகும்போது பிராசஸரைக் கழற்றியாக வேண்டும். காது போச்சு. விளக்கையும் அணைத்தால் முகமும் போச்சு. இருட்டில் தனியாக, சத்தமே இல்லாத கிணற்றுக்குள் இருப்பது போல. ‘தூங்கவே மாட்டேங்கறான், அடம்’ என்று இதைத்தான் சொல்கிறோம். கதை, முத்தம் எல்லாம் கழற்றும் முன்பே முடியட்டும். கழற்றிய பிறகும் ஒரு சின்ன நைட் லாம்ப் எரியட்டும். உங்கள் கை அவன் மேல் இருக்கட்டும்.

இவற்றை மட்டும் அடம் என்று விடாதீர்கள்

அழும்போதோ, பயந்தாலோ, ஓடும்போதோ மயங்கி விழுகிற காது கேட்காத குழந்தைக்குக் கட்டாயம் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். ‘மூச்சை அடக்கிக்கிட்டான்’ என்று தண்ணீர் தெளித்து விட்டுவிடக் கூடாது. பிறவிச் செவிட்டுத் தன்மையோடு இதயத் துடிப்புக் கோளாறும் சேர்ந்து வரும் ஒரு பரம்பரை நோய் அபூர்வமாக உண்டு, உயிருக்கே ஆபத்தானது. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

மாலை ஆனால் இடறி விழுகிறான், இருட்டில் நடக்க மறுக்கிறான் என்றால் கண் டாக்டர். காய்ச்சலோடு வாந்தி, கழுத்து விறைப்பு, வழக்கமில்லாத சிணுங்கல் என்றால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. இம்ப்ளான்ட் பிள்ளைகளுக்கு மூளைக் காய்ச்சல் அபாயம் மற்றவர்களைவிடச் சற்று அதிகம். அதற்கான நிமோகாக்கல் தடுப்பூசி முழுதாகப் போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். கருவி சரியாக இருந்தும், பயிற்சி நடந்தும் கண்ணைப் பார்ப்பதே இல்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை என்றால் ஆட்டிசம் போல வேறு ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று குழந்தை மனநல மருத்துவரைக் கேட்க வேண்டும். காது கேட்காததன் தலையிலேயே எல்லாப் பழியையும் போட்டுவிட்டு, இதைத் தவறவிடுபவர்கள் நிறைய.

அந்தக் குடும்பம் மெஷினைக் கழற்றவில்லை. வேறு ஒரு ஸ்கூல் கிடைத்தது. வாராவாரம் வந்தார்கள், சில வாரம் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். கடிப்பது நிற்க நான்கு மாதம் பிடித்தது. தள்ளுவது இன்னும் முழுசாக நிற்கவில்லை.

ஒரு வருடம் கழித்து அம்மா பாட்டியோடு வந்தார். முகத்தில் பழைய கவலை.

“இப்பப் புதுசா பொய் சொல்ல ஆரம்பிச்சிருக்கான் மேடம். அத்தையோட மூக்குக் கண்ணாடியை எடுத்து அரிசி டப்பாவுக்குள்ள போட்டுட்டு, எங்கடான்னு கேட்டா, ‘காக்கா!’ங்கறான். கையைக் கையை வேற அடிச்சுக் காட்டறான்!”

பாட்டிக்குத் தெரியாதது ஒன்று தனக்குத் தெரியும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் புரிதலை வைத்து ஒரு வார்த்தையால் காரியம் சாதிக்கவும் வந்துவிட்டது. எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போல இருந்தது. பாட்டி மட்டும் கோபப்படுகிற மாதிரி நடித்துக்கொண்டே, “எங்கிட்ட கத்துக்கிட்டதுதான்!” என்றார்.